அம்மாவின் குருவியும் மகனின் இன்டர்லாக்கும்

கேள்வி: நான் துபாயில் வேலை செய்கிறேன். அப்பா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தக்கலை பக்கத்தில் எங்கள் வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். தினமும் சாயங்காலம் பின்வாசல் படியில் உட்கார்ந்து, பிலாமூட்டுக்கு (பலா மரத்தடிக்கு) வரும் ஒரு கலர் குருவியைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். ஆறு மணிக்கு அது கூப்பிட்ட பிறகுதான் எழுந்து விளக்கேற்றுவாராம். ‘அது வந்தா மனசுக்கு ஒரு சமாதானம் மக்களே’ என்கிறார். ஒவ்வொரு ஜூலையிலும் லீவில் வருகிறேன், அப்படி ஒரு குருவியை நான் கண்டதே இல்லை. பின்பக்கம் முழுக்க இன்டர்லாக் கல் பதிக்க ஆள் பேசினால், சருகைத் தொடக்கூடாது என்று சண்டைக்கு வருகிறார். பாம்பு வரும் என்றாலும் கேட்பதில்லை. மனநல டாக்டரிடம் காட்டலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: டாக்டருக்குப் போன் போடும் முன் காலண்டரைப் பாருங்கள்.

நீங்கள் சொல்லும் நேரத்தையும் நிறத்தையும் வைத்துப் பார்த்தால் அது ஆறுமணிக்குருவி. வடக்கே, மத்திய இந்தியக் காடுகளிலும் இமயமலை அடிவாரத்திலும் மழைக்காலத்தில் கூடு கட்டும். குஞ்சு பொரித்து முடித்துவிட்டு, செப்டம்பர், அக்டோபரில் நம் பக்கமும் இலங்கைக்கும் இறங்கும். ஏப்ரலுக்குள் திரும்பிவிடும். நீங்கள் பெட்டியோடு வந்து இறங்கும் ஜூலையில் அது அங்கே குஞ்சுகளுக்குப் புழு ஊட்டிக்கொண்டிருக்கும். எப்படிக் காண்பீர்கள்? நீங்களும் அதுவும் முறைவைத்து அந்த வீட்டுக்கு வருகிறீர்கள். அதன் முறை ஏறக்குறைய ஆறு மாதம், உங்கள் முறை ஒரு மாதம். அம்மா யாரிடம் பழகிப்போனார் என்று ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

பார்க்காதவருக்காகச் சொல்கிறேன். மைனாவைவிடச் சிறியது, குட்டை வால், முதுகு பச்சை, தோளில் பளிச்சென்று ஒரு நீலம், கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, வாலுக்கு அடியில் குங்குமத்தைக் கொட்டினதுபோல் சிவப்பு. இத்தனை நிறம் இருந்தும் சருகுக்குள் நின்றால் சட்டென்று கண்ணில் படாது. நிமிர்ந்து நிற்கும், இரண்டு தத்து தத்தும், அலகால் ஓர் இலையைப் புரட்டி எறியும், மறுபடி நிமிர்ந்து நிற்கும். குட்டை வால் மட்டும் மெல்ல ஏறி இறங்கும். விடியற்காலையிலும் அந்தியிலும் தலையைப் பின்னால் சாய்த்து இரண்டு சுரத்தில் ஒரு விசில். கார்த்திகை, மார்கழியில் நம் பக்கம் சூரியன் ஆறு மணியை ஒட்டித்தான் மறைகிறது. விளக்கேற்றுவதற்கு அம்மா வைத்திருக்கும் கணக்கில் கோளாறு ஒன்றுமில்லை.

சரி, அந்தச் சமாதானம்? குருவிக்கு உங்கள் அப்பாவையும் தெரியாது, அம்மாவின் துக்கமும் தெரியாது. அது சருகுக்கு அடியில் இருக்கும் பூச்சிக்கும் மண்புழுவுக்கும்தான் வருகிறது. அம்மாவுக்கு இது தெரியாது என்று நினைக்கிறீர்களா? சருகைத் தொடாதே என்று சண்டை பிடிப்பவருக்கு விஷயம் உங்களையும் என்னையும்விட நன்றாகவே தெரியும். எதுவும் கேட்காத, ‘சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா’ என்று விசாரிக்காத ஓர் உயிர் அந்தியில் பக்கத்தில் நடமாடுவது ஆறுதல்தான். அவர் சோறு இறங்காமல், தூக்கம் இல்லாமல் கிடந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். குருவி பார்ப்பதற்காகக் காட்டினால் டாக்டர் உங்களைத்தான் உட்காரச் சொல்வார்.

இனி இன்டர்லாக். நம் மாவட்டத்துத் தேரூர் குளத்துக்கும் வேம்பனூருக்கும் 2022-இல் ராம்சர் அங்கீகாரம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம். அங்கே நீர்ப்பறவை பார்க்கக் கார் எடுத்துக்கொண்டு போகிறோம். போய்வந்து காரை நிறுத்துவதற்கு வீட்டைச் சுற்றிக் கல் பதிக்கிறோம். பிலாமூட்டுக்கு எந்த அங்கீகாரமும் கிடையாது, அதைக் காக்க உங்கள் அம்மாதான் உண்டு. பிலாவும் அயனியும் கொல்லாவும் உதிர்க்கிற இலையைக் கூட்டித் தீ வைத்தால் பூச்சி போகும், பின்னாலேயே குருவியும் போகும். கல் பதித்தால் மழைத்தண்ணீர் மண்ணில் இறங்காமல் ரோட்டுக்கு ஓடும். அப்புறம் பங்குனியில் கிணறு வற்றியது என்று நீங்களே துபாயிலிருந்து வருத்தப்படுவீர்கள்.

பாம்பு பயம் நியாயம். அதற்கு முற்றம் முழுவதையும் மூட வேண்டாம். படியைச் சுற்றியும் நடைபாதையிலும் பெருக்கி வைத்தால் போதும், பிலாமூட்டிலும் மதில் ஓரத்திலும் சருகு கிடக்கட்டும். படிக்கு மேல் ஒரு நல்ல லைட்டும் கையில் ஒரு டார்ச்சும் வாங்கிக் கொடுங்கள். பக்கத்து வீட்டுப் பூனை வருமானால் அதையும் கவனிக்கச் சொல்லுங்கள், தரையில் மேயும் குருவிக்குப் பூனைதான் எமன். அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று கூண்டுக்கிளி வாங்கி அனுப்பும் யோசனை வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எனக்கு உண்மையில் கவலை சித்திரை மாதத்தைப் பற்றித்தான். அதற்குள் விசில் நின்றிருக்கும். செம்போத்தும் தவிட்டுக்குருவிகளும் இருக்கும் என்றாலும் அவை அவருக்கு இதற்கு ஈடாகாது. நீங்கள் எந்த நேரத்தில் அம்மாவை அழைக்கிறீர்கள் என்று கேள்வியில் இல்லை. அந்த மாதங்களில் நம் ஊர் ஆறு மணிக்கு அழையுங்கள், துபாயில் அப்போது மணி நாலரை. அடுத்த லீவைக் கிறிஸ்துமஸை ஒட்டி எடுங்கள். கல்லுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்கள் என்றால் வீணாக்க வேண்டாம், முன்வாசலில் கார் நிற்கிற அளவுக்கு மட்டும் பதிக்கச் சொல்லுங்கள்.