ஜிஆர்இ சொற்கள் ஏன் மனதில் தங்குவதில்லை?

அன்புள்ள மாணவிக்கு,

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் எழுதும் ஜிஆர்இ தேர்வுக்காக மூவாயிரம் ஆங்கிலச் சொற்கள் கொண்ட பட்டியலை ஆறு வாரமாகப் படித்தும் 'டி' எழுத்தைத் தாண்டவில்லை, 'ஏ'யில் படித்தது அத்தனையும் மறந்துவிட்டது, எனக்கு ஞாபக சக்தியே இல்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை. யாருடைய ஞாபகமும் செய்யத் திணறும் ஒரு வேலையை அதன் தலையில் கட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885ஆம் ஆண்டு மறதியைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து பார்த்தார். பெரும்பகுதி முதல் நாளிலேயே உதிர்ந்துவிட்டது. சாதாரணச் சொற்களை அவர் வேண்டுமென்றே ஒதுக்கினார். அவை ஏற்கெனவே தெரிந்தவற்றோடு ஒட்டிக்கொண்டு கணக்கைக் குழப்பிவிடும். இப்போது உங்கள் பட்டியலைப் பாருங்கள். இடப்பக்கம் பழக்கமில்லாத ஓர் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் இரண்டு வார்த்தையில் பொருள். ஒட்டிக்கொள்ள அதற்கு எந்தப் பிடியும் இல்லை. எபிங்ஹவுஸின் அசைகளைப் போலவே அதுவும் உதிர்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகள் இருந்த காலத்தில் பட்டியல் மனப்பாடம் ஓரளவு கைகொடுத்தது. 2011 ஆகஸ்டில் தேர்வை மாற்றியமைத்தபோது அந்த இரண்டு வகையையும் எடுத்துவிட்டார்கள். இன்றைய தேர்வில் மொழிப் பகுதிக்கு மொத்தம் 27 கேள்விகள், 41 நிமிடம். ஏறக்குறைய பாதி, பத்தியைப் படித்து விடையளிப்பவை. மீதியில் கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும், அல்லது ஒரே பொருள் தரும் வாக்கியங்களை அமைக்கும் இரண்டு சொற்களை ஆறிலிருந்து எடுக்க வேண்டும். எல்லாமே வாக்கியத்துக்குள் நடக்கிறது. ஒரு கோட்டில் தவறினாலும் அந்தக் கேள்விக்குப் பாதி மதிப்பெண்கூடக் கிடையாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 'அந்த விமர்சகர் நாவலுக்குத் தந்தது ____ பாராட்டுதான். நடையைப் புகழ்ந்தவர், கதைப்போக்கை ஏற்கவில்லை.' இப்படி ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் வந்து, விடைகளில் ஒன்றாக 'குவாலிஃபைட்' இருந்தால் என்ன செய்வீர்கள்? 'தகுதி பெற்ற' என்று மனதில் பதிந்திருப்பதால் அதைக் கடந்து போய்விடுவீர்கள். ஆனால் அதுதான் சரியான விடை. வரம்புக்கு உட்பட்ட, முழு மனதோடு சொல்லாத பாராட்டு என்று இங்கே பொருள். தெரிந்த சொல்தான், தெரியாத முகம். அரிய சொற்களைவிட இத்தகைய எளிய சொற்களே நல்ல மாணவர்களை அதிகம் வீழ்த்துவதை நான் பார்த்திருக்கிறேன். 'டெம்பர்' என்றால் கோபம் மட்டுமல்ல, தணித்தலும்கூட. 'அரெஸ்ட்' என்பது ஒரு நோயின் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துவதையும் குறிக்கும். இவற்றுக்கென்று தனியாக ஒரு நோட்டு போடுங்கள்.

அடுத்தது சொல்லின் நிறம். தமிழில் சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டும் செலவைக் குறைப்பதுதான். ஒன்று பாராட்டு, மற்றது ஏச்சு. ஆங்கிலத்தில் 'ஃப்ரூகல்' முதல் வகை, 'பார்சிமோனியஸ்' பெரும்பாலும் இரண்டாம் வகை. பட்டியல் இரண்டுக்கும் 'குறைவாகச் செலவழிக்கும்' என்று ஒரே பொருளைத் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஒவ்வொரு சொல்லுக்கும் இந்த நிறத்தை உங்கள் தாய்மொழியிலேயே தேடுங்கள். தமிழில் யோசிப்பது பலவீனம் என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சொல்லுக்கு நீங்கள் தரும் முதல் பிடி அதுதான்.

நடைமுறைக்கு வருகிறேன். நாளொன்றுக்குப் பத்துப் புதிய சொற்கள் போதும். அகரவரிசையில் எடுக்காதீர்கள், ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்கள் ஒன்றோடொன்று குழம்பும். நல்ல ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தினமும் படித்து, அதில் தடுக்கிய சொற்களை அந்த வாக்கியத்தோடு எடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சிறு அட்டை போடுங்கள். அதன் முன்பக்கம் சொல்லின் இடத்தைக் கோடிட்ட வாக்கியம், பின்பக்கம் சொல். சரியாகச் சொன்ன அட்டை மூன்று நாள் கழித்து வரட்டும், பிறகு ஒரு வாரம், பிறகு இரண்டு வாரம். தவறினால் மறுநாளே திரும்ப வர வேண்டும். நான்கு மாதத்தில் ஆயிரம் சொற்களைத் தொட்டுவிடலாம். மூவாயிரத்தை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட இந்த ஆயிரம் உங்களுக்குப் பல மடங்கு உதவும் என்று உறுதியாகச் சொல்வேன்.

தேர்வை நடத்தும் ஈடிஎஸ் நிறுவனமே 'பவர்பிரெப்' என்ற பெயரில் இலவச மாதிரித் தேர்வுகளைத் தருகிறது. ஒன்றை இப்போதே எழுதிப் பாருங்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியும். விண்ணப்பிக்கப்போகும் துறை மொழி மதிப்பெண்ணைக் கேட்கிறதா என்பதையும் அதன் சேர்க்கை அறிவிப்பில் பார்த்துவிடுங்கள். இந்தத் தேர்வையே கட்டாயமாக்காத துறைகளும் உண்டு.

இரவில் உங்கள் அம்மா பட்டியலை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பதாகவும், பதில் வராவிட்டால் இருவருமே கலங்கிவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர் கேட்பதை நிறுத்த வேண்டாம். 'இதற்கு என்ன அர்த்தம்?' என்பதற்குப் பதிலாக, 'இந்தச் சொல்லை எங்கே பார்த்தாய்? அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது?' என்று கேட்கச் சொல்லுங்கள். இன்றிரவு ஐந்து சொற்களோடு தொடங்கிப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து அதே ஐந்தையும் அவர் மறுபடி கேட்கட்டும். எத்தனை நினைவில் நின்றன என்று எனக்கு எழுதுங்கள்.