காவலுக்கு வளர்க்கும் குட்டி ஊரைப் பார்க்கட்டும்

பாளையங்கோட்டை வாசகி ஒருவரின் கேள்வி: “9 வார ராஜபாளையம் ஆண் நாய்க்குட்டி வாங்கியிருக்கிறோம். தார்சாவிலும் பூஜை அறையிலும் மாறி மாறி ஒன்றுக்குப் போய்விடுகிறது. 6 வயது மகன் கையைக் கடித்து வைக்கிறது. ஊசியெல்லாம் முடிகிற வரை வெளியே விடாதீர்கள் என்றார் குட்டி கொடுத்தவர். என் மாமனார் அந்தக் கால ஆள், நாலு மணிக்கே எழுந்துவிடுவார். புறவாசலில் கட்டிப் போடு, யார் முகமும் காட்டாமல் வளர்த்தால்தான் காவலுக்கு ஆகும் என்கிறார். ஆடியில் எங்கள் தெருவில் கோயில் கொடைத் திருவிழா வேறு வருகிறது. என்ன செய்ய?”

முதலில் மாமனார் சொன்னதை எடுத்துக்கொள்வோம். எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான். நான் சிறுவனாக இருந்தபோது முன்னீர்ப்பள்ளத்தில் ஒரு ராஜபாளையத்தை வேப்பமரத்தில் கட்டியே வளர்த்தார்கள். பால்காரர், கீரைக்காரி, மெட்ராஸிலிருந்து வந்த மாமா, எல்லோருக்கும் ஒரே குரைப்பு. ஒரு ராத்திரி யாரோ கிணற்று மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அன்றைக்கும் அதே குரைப்புதான். “அது சும்மா கத்தும்” என்று ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

காவல் குணத்தை நாம் ஊட்ட வேண்டியதில்லை. பன்றி வேட்டைக்குப் போன இனம் அது, வயசு வந்தால் தானாக வரும். எது வழக்கம், எது விபரீதம் என்ற கணக்குதான் அதற்கு வேண்டும். ஆயிரம் பேரைப் பார்த்த நாய்க்குத்தான் ஆயிரத்தோராவது ஆளின் நடையில் கோளாறு தெரியும்.

அந்தக் கணக்கு மனதில் ஏறும் காலம் குறுகியது. பிறந்த 3வது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14வது வாரம் வரை. உங்களுக்கு மிச்சமிருப்பது ஐந்து வாரம். ஊசியோ 16வது வாரம் வரை இழுக்கும். அது முடியட்டும் என்று காத்திருந்தால் கதவு சாத்திவிடும். அதற்காகத் தெருவில் இறக்கிவிட்டுவிடாதீர்கள். குட்டிகளுக்கு உயிரெடுக்கும் கழிச்சல் நோயைத் தருகிற பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் வீரியத்தோடு கிடக்கும். ஆகவே தூக்கிக்கொண்டு போங்கள். மார்க்கெட் ஓரமாக, பஸ் நிறுத்தத்தில், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், தினம் கால் மணி நேரம் போதும். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், தலையில் கூடையோடு வருபவர், கம்பு ஊன்றி நடக்கும் தாத்தா, புர்கா அணிந்த அம்மா, ஆட்டு மந்தை எல்லாவற்றையும் பார்க்கட்டும். பார்க்கும்போது வாயில் ஒரு துண்டு வேகவைத்த கோழிக்கறி. உடம்பை ஒடுக்கிக்கொண்டால் பத்தடி பின்னால் வாருங்கள். “ஒண்ணும் செய்யமாட்டாங்க” என்று யார் கையிலும் திணிக்காதீர்கள். வீட்டுக்கு வருகிறவர்களிடமும் அதுவாகப் போய் மோந்து பார்க்கட்டும். ஊசி முறையாகப் போட்ட, சாதுவான பெரிய நாய் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அதோடு விளையாட விடலாம்.

ஒன்று கேட்க மறந்துவிட்டீர்கள், நானே சொல்கிறேன். வெள்ளை நாய்களில் சில பிறவியிலேயே செவிடாக இருக்கும், ராஜபாளையத்திலும் இது உண்டு. குட்டி தூங்கும்போது, காற்று அதன் மேல் படாத தூரத்தில் நின்று கை தட்டுங்கள். இரண்டு மூன்று தடவையும் காது அசையவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காது கேளாத குட்டிக்குப் பழக்குகிற முறையே வேறு, கை ஜாடையில் பழக்க வேண்டும்.

இனி ஒன்றுக்குப் போகிற விஷயம். இந்த வயதில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அதனால் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் புறவாசலில் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள். பேசாமல் நில்லுங்கள். முடித்த அந்த நொடியில் அங்கேயே தீனி கொடுங்கள். உள்ளே வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்குக் கூலி என்று நினைத்துக்கொள்ளும். சாப்பாடு நாளைக்கு நாலு வேளை, நேரம் தவறாமல். ராத்திரி ஏழரைக்குள் கடைசி வேளை முடியட்டும், தண்ணீரைக் குறைக்க வேண்டாம். கண் பார்வையில் இல்லாத நேரம் தார்சாவின் ஒரு மூலையைப் பலகை வைத்து அடைத்து அங்கே விடுங்கள். பூஜை அறை வாசலுக்கும் ஒரு பலகை.

உள்ளே போய்விட்டால் அடிப்பதோ மூக்கைத் தேய்ப்பதோ வேண்டாம். நீங்கள் இல்லாத இடமாகப் பார்த்துப் போகத்தான் அது கற்றுக்கொள்ளும். பினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும். சோப்புத் தண்ணீரில் கழுவி, வினிகரும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து துடையுங்கள். மார்பிள் தரையாக இருந்தால் வினிகர் கூடாது.

கடிப்பது பால் பல் விழுந்து முளைக்கும் வரை, ஆறேழு மாதம் வரை இருக்கும். கடித்த உடனே மகன் கையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட வேண்டும், கத்தி ஓடினால் அதற்கு அது விளையாட்டு. கடிக்க ஒரு முடிச்சுப் போட்ட துணியைக் கொடுங்கள். தோல் கிழிந்தால் மட்டும் அலட்சியம் வேண்டாம். வெறிநோய் ஊசி 3 மாதத்தில்தான் போடுவார்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கொடைக்கு இன்றே தயாராகலாம். நையாண்டி மேளத்தையும் வேட்டுச் சத்தத்தையும் செல்போனில் மிக மெல்ல வைத்து, அது சாப்பிடும்போது ஓட விடுங்கள். தலை நிமிராமல் சாப்பிட்டால் மறுநாள் கொஞ்சம் கூட்டலாம், நிறுத்திவிட்டுப் பார்த்தால் பழைய அளவுக்கு வாருங்கள். கொடை நடக்கும் நாளில் உள் அறையில், ஃபேனைப் போட்டு, யாராவது கூட இருங்கள். சாமி பார்க்கக் கூட்டிப் போகாதீர்கள்.

கடைசியாக, மாமனாரோடு சண்டை போட வேண்டாம். குட்டிக்கு விடியுமுன் ஒருமுறை வெளியே போயாக வேண்டும். அவர் நாலு மணிக்கு எழுகிறார் என்கிறீர்கள், அந்த வேலையை அவரிடமே ஒப்படைத்துவிடுங்கள். ஒரு வாரம் அவர் கையால் தீனி தின்றபின் சங்கிலியைப் பற்றி மறுபடி பேசிப் பாருங்கள்.