320 பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் ஆட வேண்டுமா?

வணக்கம் அண்ணா,

நாங்கள் ஐந்து பேர், ஆபீஸ் நண்பர்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசியும் பகடை போட்டும் ஆடும் கதை விளையாட்டு) ஆடுவதென்று முடிவு செய்து இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை. கதை சொல்லி ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். 2014இல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தினமும் ராத்திரி படிக்கிறேன். மொத்தம் 320 பக்கம், ஒரு பக்கம் படித்தால் முந்தின பக்கம் மறந்துபோகிறது. இதற்கு நடுவில் ஒரு நண்பர் யூடியூப் பார்த்துவிட்டு வந்து, காயம் ஆற்றும் மருந்தை, முக்கிய வேலையோடு சேர்த்துச் செய்யும் சின்ன வேலையாக, அதாவது போனஸ் ஆக்‌ஷனில் குடிக்கலாம் என்கிறார். என் புத்தகப்படி அதற்கு அந்த முறையின் முக்கிய வேலையே, அதாவது முழு ஆக்‌ஷன் போகும். ஆடுவதற்கு முன்பே சண்டை வந்துவிட்டது. எல்லா விதியும் தெரியாமல் உட்கார்ந்தால் மானம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. எப்படிப் படிப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

படிப்பதை நிறுத்திவிட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட உட்காருங்கள். இதுதான் பதில், மிச்சமெல்லாம் விளக்கம்.

முதலில் அந்த மருந்துச் சண்டை. நீங்கள் சொல்வதும் சரி, அவர் சொல்வதும் சரி. 2014 விதிப்படி மருந்து குடித்தால் அந்தச் சுற்றில் வாள் வீச முடியாது. 2024இல் வந்த திருத்திய பதிப்பில்தான் போனஸ் ஆக்‌ஷன் போதும் என்று மாற்றினார்கள். அதற்கு முன்பே பல குழுக்கள் தாங்களாகவே அப்படி ஆடிக்கொண்டிருந்தார்கள், தாயம் வீட்டுக்கு வீடு மாறுகிற மாதிரி. எந்தப் பதிப்பு என்று ஐந்து பேரும் பேசி முடிவு செய்துவிட்டால் இந்த மாதிரிச் சண்டையில் முக்கால்வாசி வராது.

அடுத்து அந்த 320 பக்கம். அதை அட்டையிலிருந்து அட்டை வரை படிப்பது பஞ்சாங்கத்தை உட்கார்ந்து படிப்பது மாதிரி. அதில் கிட்டத்தட்ட 80 பக்கம் மந்திரங்களின் விவரம் மட்டுமே. 12 கிளாஸ் (வீரன், மந்திரவாதி மாதிரிப் பாத்திர வகை) இருக்கிறது, உங்கள் நண்பர்கள் நான்கு பேரும் ஆளுக்கொன்று எடுத்தால்கூட எட்டு கிளாஸின் பக்கங்களை இப்போதைக்கு யாரும் திறக்க வேண்டாம். அவரவர் கிளாஸை அவரவர் படிக்கட்டும், அதையும் நீங்களே ஏன் சுமக்கிறீர்கள்?

நானும் உங்களை மாதிரிதான் ஆரம்பித்தேன். அப்போது இதே விளையாட்டின் பழைய 3.5 பதிப்பு, முழுக்கப் படித்துவிட்டுத்தான் ஆட்டம் நடத்தினேன். முதல் சண்டையிலேயே, எதிரே நின்ற குட்டி அரக்கனைப் பார்த்து, ஒருவர் ‘கோப்ளினைக் கழுத்தோடு சேர்த்துப் பிடிக்கிறேன்’ என்றார். அந்தப் பதிப்பில் ஆளைப் பிடிப்பதற்கு முதலில் எதிராளிக்கு ஒரு இலவச அடி, அது பட்டால் பிடி விட்டுப்போகும், படவில்லை என்றால் தொடுவதற்கு ஒரு பகடை, அப்புறம் இருவரும் பகடை போட்டு மல்லுக்கட்ட வேண்டும், அதில் உருவத்தின் அளவுக்கு ஏற்ப எண்ணைக் கூட்டிக் கழிக்க வேண்டும். மூன்று தடவை படித்த விதிதான், ஆனால் அந்த நேரத்தில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. நான் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருக்க, மற்றவர்கள் சமையலறைக்குப் போய் டீ போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் அந்த விதி மண்டையில் ஏறியது, இன்று வரை மறக்கவில்லை.

படித்துப் புரிந்துகொள்ள முடியாதது உங்கள் குறை இல்லை. இந்த விளையாட்டு பிறந்ததே அப்படித்தான். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் கொண்டுவந்த மூன்று சின்னப் புத்தகங்கள், தேவையான பொருட்கள் பட்டியலில் இன்னொரு கம்பெனியின் பலகை விளையாட்டையும் சேர்த்திருந்தன, வெளி உலகில் பயணம் போக அந்தப் பலகை வேண்டுமாம்! ஆர்னசனோடு அமெரிக்காவில் மினியாபொலிஸ் பக்கம் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை, அச்சடித்த புத்தகம் வருவதற்கு முன்பே அவர்கள் ஆடிப் பழகியவர்கள். கடையில் வாங்கிப் படித்தவர்கள்தான் திண்டாடினார்கள். கென் செயின்ட் ஆண்ட்ரே என்பவருக்கு யோசனை பிடித்துவிட்டது, விதிகள் குழப்பமாகப் பட்டன, சரி என்று 1975இல் டன்னல்ஸ் அண்ட் டிரால்ஸ் என்று தனியாக ஒரு விளையாட்டையே எழுதி வெளியிட்டுவிட்டார். பகடைகூட வீட்டில் கிடக்கும் ஆறுமுகப் பகடைதான்.

இந்தச் சிக்கலை நன்றாகத் தீர்த்தது 1983இல் புதியவர்களுக்கென்று வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் சிவப்புப் பெட்டி என்பேன். அதைத் திறந்தால் நேராகக் கதைதான். நீங்கள் ஒரு வீரன், குகைக்குள் போகிறீர்கள், எதிரி வருகிறது, இப்போது பகடை போடு என்று சொல்லும். எந்த இடத்தில் எந்த விதி தேவையோ அங்கே அந்த விதி வரும். நடுவில் ஆலீனா என்று ஒரு பெண் நமக்கு உதவிக்கு வருவாள், கொஞ்ச நேரத்தில் செத்துப்போவாள். அந்தப் பெட்டியில் பழகியவர்கள் இன்றும் அவளுக்காக வருத்தப்படுகிறார்கள்.

உங்கள் முதல் ஆட்டத்தையும் அப்படியே அமையுங்கள். ஒரு குகை, வாசலில் மூன்று கோப்ளின்கள், போதும். என்ன செய்யப்போகிறோம் என்று ஆடுபவர் வாயால் சொல்லட்டும். முடிவு சந்தேகமாக இருந்தால் மட்டும் இருபது முகப் பகடை, அதோடு பாத்திரத்தின் விவரம் எழுதிய ஷீட்டில் இருக்கும் எண்ணைக் கூட்டி, எட்ட வேண்டிய எண்ணை எட்டினால் காரியம் ஆயிற்று. கோப்ளினை அடிக்க 15 வேண்டும், முதல் லெவல் வீரனுக்குப் பொதுவாக 5 கூட்டிக்கொள்ளலாம், ஆக பகடையில் 10 அல்லது மேலே விழுந்தால் அடி, அதாவது 100க்கு 55 தடவை. ஒளிந்திருந்து அடித்தால் இரண்டு பகடை போட்டுப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம், வாய்ப்பு கிட்டத்தட்ட 80க்குப் போகும். இதைப் புத்தகத்தில் படித்தால் வெறும் கணக்கு. ஒரு தடவை புதருக்குப் பின்னால் பதுங்கி ஜெயித்தவர் அடுத்த தடவை தானாகவே புதரைத் தேடுவார்.

விசார்ட் என்கிற மந்திரவாதி கிளாஸை மட்டும் புதியவர் கையில் கொடுக்காதீர்கள். முதல் லெவலிலேயே ஆறு மந்திரம் எழுதிய நோட்டோடு வருவார், தன் முறை வரும்போதெல்லாம் அதைப் படித்துக்கொண்டிருப்பார்.

நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டியது இரண்டே பகுதி. சண்டையில் ஒருவரின் முறை வந்தால் என்னென்ன செய்யலாம் என்பது ஒன்று. உயிர்ப் புள்ளி பூஜ்யத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்பது இன்னொன்று. முதல் லெவலில் கோப்ளினின் ஒரே நல்ல அடியில் ஆள் விழுந்துவிடலாம், அந்த நேரத்தில் போய்ப் பக்கம் தேடினால் எல்லாருக்கும் எரிச்சல் வரும். மற்றபடி சந்தேகம் வந்தால் ஒரு நிமிஷத்தில் ஏதாவது ஒரு முடிவு சொல்லிவிட்டுப் பேப்பரில் குறித்துக்கொள்ளுங்கள், வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். தப்பாகச் சொல்லியிருந்தால் அடுத்த வாரத்திலிருந்து மாற்றிக்கொள்ளலாம், நடந்து முடிந்ததைத் திருப்பாதீர்கள்.

மருந்துக்கு ஆக்‌ஷன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கையில் இருப்பது 2014 புத்தகம்தானே. அந்த நண்பர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அவர் பையில் மட்டும் ஒரு மருந்து கூடுதலாகப் போட்டுவிடுங்கள்.