லிஸ்ட்டில் இரண்டாயிரம் பேர், மெயிலைத் திறக்கத்தான் ஆளில்லை

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்குச் சின்னக் காபித் தோட்டமும், நான்கு அறை கொண்ட ஹோம்ஸ்டேயும் இருக்கின்றன. தங்க வந்தவர்கள் பதிவு நோட்டில் எழுதிய மெயில் முகவரிகளைச் சேர்த்து வைத்திருக்கிறோம், சுமார் இரண்டாயிரம் இருக்கும். மாதம் ஒருமுறை காபித்தூள், மிளகு ஆஃபர் அனுப்புகிறேன். ஆரம்பத்தில் ஆர்டர் வந்தது, இப்போது பெரும்பாலும் ஸ்பேமுக்குப் போய்விடுகிறது. சேலத்தில் ஒருவர் ஐம்பதாயிரம் முகவரி உள்ள எக்செல் ஷீட்டை விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்த ஷீட்டில் இருக்கும் யாரும் உங்களைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பல முகவரிகள் எப்போதோ செத்திருக்கும், சில முகவரிகள் ஸ்பேம் அனுப்புகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே வைத்த பொறிகளாக இருக்கும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்குக் கட்டுப்பாட்டை இறுக்கிவிட்டன. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்கிறது கூகுள், அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர் அந்தப் பொத்தானை அழுத்தினாலே சிக்கல். அடி விழுவது அந்த ஒரு மெயிலுக்கு மட்டுமல்ல, அனுப்பும் உங்கள் முகவரியின் நற்பெயருக்கே. அறை புக் செய்தவருக்குப் போகும் உறுதி மெயிலும் நாளைக்கு ஸ்பேமில் கிடக்கும்.

சரி, கையில் இருக்கும் இரண்டாயிரத்துக்கு வருவோம். அவர்கள் நோட்டில் முகவரி எழுதியது அறைக்காக, ஆஃபருக்காக அல்ல. இங்கேதான் உங்கள் பிரச்சினை தொடங்கியது என்று நினைக்கிறேன். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எதற்காகத் தகவல் வாங்குகிறோம் என்று சொல்லித்தான் சம்மதம் கேட்க வேண்டும் என்கிறது. இனிமேல் செக்-அவுட் செய்யும்போது தனிச்சீட்டு கொடுங்கள்: "தோட்டச் செய்தியும் புதுத்தூள் தகவலும் மாதம் ஒரு மெயில், வேண்டுமென்றால் எழுதுங்கள்." வரவேற்பு மேசையில் க்யூஆர் அட்டை வைத்தாலும் சரிதான். எழுதியவருக்கு உடனே ஓர் உறுதி மெயில் போகட்டும், அதிலுள்ள லிங்க்கை அவர் அழுத்திய பிறகுதான் லிஸ்ட்டில் சேர வேண்டும். கையெழுத்து புரியாமல் தப்பாக டைப் அடித்த முகவரிகள் இதிலேயே கழிந்துவிடும். முதல் மெயிலைத் தள்ளிப்போடாதீர்கள். அவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் சேர்வதற்குள் வந்துவிட்டால் உங்கள் காபியின் வாசனை இன்னும் மனதில் இருக்கும்.

பழைய முகவரிகளைப் பிரியுங்கள். கடந்த ஒரு வருடத்தில் வாங்கியவர்கள், லிங்க்கை அழுத்தியவர்கள், பதில் எழுதியவர்கள் ஒரு பக்கம். மற்றவர்களுக்கு, சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரித்து, "இன்ன மாதம் எங்களிடம் தங்கினீர்கள், தொடர்ந்து எழுதட்டுமா?" என்று ஒரு மெயில், பத்து நாள் கழித்து இன்னொன்று. பதிலில்லையா, எடுத்துவிடுங்கள். முகவரியே இல்லை என்று திரும்பி வருபவற்றை அன்றைக்கே நீக்க வேண்டும். இரண்டு வருடமாகப் பயன்படாத கணக்குகளை அழிக்கும் வழக்கத்தை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் கொண்டு வந்துவிட்டதால், பழைய நோட்டு முகவரிகளில் இப்படி நிறைய இருக்கலாம்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை ரொம்ப நம்ப வேண்டாம், மெயிலில் உள்ள படம் இறங்குவதை வைத்துத்தான் அதை எடுக்கிறார்கள். 2021 முதல் ஆப்பிளின் மெயில் செயலி, ஆள் படிக்காவிட்டாலும் படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிவிடும், அதுவும் 'திறந்தார்' என்றே பதிவாகும். அழுத்தியது எத்தனை, பதில் எத்தனை, ஆர்டர் எத்தனை, இவற்றைப் பாருங்கள்.

தொழில்நுட்ப வேலை கொஞ்சம்தான். சாதாரண ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேர் வரைதான் அனுப்ப முடியும், அந்த முகவரியை வைத்து வேறு சேவை வழியாக அனுப்பினால், மெயில் உண்மையில் அந்த முகவரியிலிருந்துதான் வந்ததா என்ற சோதனையில் தோற்றுவிடும். சொந்த டொமைன் (முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்) வாங்கி, மெயில் உங்களுடையதுதான் என்று காட்டும் எஸ்.பி.எஃப், டி.கே.ஐ.எம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளையும் அந்த டொமைனின் டி.என்.எஸ் அமைப்பில் போடச் சொல்லுங்கள். ஜோஹோ கேம்பெய்ன்ஸ், பிரெவோ, மெயில்சிம்ப் எதில் சேர்ந்தாலும் என்ன போட வேண்டும் என்று அதுவே காட்டும்.

இனி எழுதும் விஷயம். மாதாமாதம் பத்து சதவீதத் தள்ளுபடி என்று எழுதினால் யார் படிப்பார்கள்? அதை எல்லாக் கடையும் அனுப்புகிறது. உங்களிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒரு நாட்காட்டி இருக்கிறது. கோடை மழை விழுந்து பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூக்கிறதே, அந்தப் பூ நிற்பது சில நாட்கள்தான், பூத்த அன்றே நான்கு வரியும் ஒரு படமும் அனுப்புங்கள். நவம்பர் வாக்கில் பழம் பறிக்கத் தொடங்கியதும், இந்த வருடம் மழை எப்படி, காய்ப்பு எப்படி, ஆள் கிடைக்கிறார்களா என்று உள்ளது உள்ளபடி எழுதுங்கள். களத்தில் காய்கிற பார்ச்மென்ட் (பழத்தோல் நீக்கிய காபிக்கொட்டை) படம் வையுங்கள், எப்போது வறுக்கப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். வறுத்தபின் முதல் மூன்று நாள் லிஸ்ட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் விற்பனை. மே மாதக் கோடை விழாவுக்கு அறைத் தேதிகளையும் அவர்களுக்கே முதலில் திறந்துவிடுங்கள். தலைப்பு வரியில் 'ஸ்பெஷல் ஆஃபர்' வேண்டாம், 'பழம் பறிக்க ஆரம்பித்தாச்சு, புதுத்தூள் தை கடைசியில்' என்றால் போதும்.

முதல் மெயிலிலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: வீட்டில் ஃபில்டரா, பிரெஞ்ச் பிரஸ்ஸா, சிக்கரி சேர்ப்பீர்களா? வரும் பதிலை வைத்துப் பிரித்துக்கொண்டால், சிக்கரி வாடையே ஆகாதவருக்குக் கலவைத்தூள் மெயில் போகாது. பதில் வரும் முகவரியை யாராவது ஒருவர் தினமும் பார்க்க வேண்டும், 'இதற்குப் பதில் எழுதாதீர்கள்' என்று போடுவது நான்கு அறை வைத்து நடத்துகிற உங்களுக்குப் பொருந்தாது. டி.டி.பி. சென்டரில் செய்த போஸ்டரை அப்படியே ஒரே படமாக ஒட்டி அனுப்பாதீர்கள், படம் திறக்காத போனில் அது வெறும் வெள்ளைப் பெட்டி.

விலகும் லிங்க்கை மறைக்காதீர்கள். அது கண்ணில் படாதவர்தான் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். ஒரே அழுத்தில் விலக முடிய வேண்டும், இரண்டு நாளுக்குள் நிறுத்த வேண்டும்.

இதெல்லாம் முடியும்போது இரண்டாயிரம் சில நூறாகக் குறையலாம், பயப்பட வேண்டாம். பல சேவைகள் முகவரி எண்ணிக்கையை வைத்துத்தான் பணம் வாங்குகின்றன, அந்தச் செலவும் குறையும். விலகியவர்களின் பெயரை மட்டும் அடியோடு அழித்துவிடாமல் 'அனுப்பக் கூடாதவர்' பட்டியலில் வையுங்கள். இல்லாவிட்டால் பழைய நோட்டை யாராவது மறுபடி டைப் அடித்து ஏற்றும்போது அவர்கள் எல்லாரும் திரும்ப உள்ளே வந்துவிடுவார்கள்.