பிடிவாதம்தானா, வேறு ஏதாவதா?

கேள்வி: என் மகளுக்கு 5 வயது. தம்பி பிறந்து நான்கு மாதம் ஆகிறது. ஒரு மாதத்துக்கும் மேலாகத் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறாள். பள்ளிக்குக் கிளம்பும்போது வயிற்று வலி என்கிறாள். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். உயிராக வைத்திருந்த விளையாட்டுக் கட்டைகளைத் தொடுவதே இல்லை. 'பிடிவாதம், தானாகச் சரியாகும்' என்கிறார் மாமியார். விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். பதறவும் வேண்டாம். உங்கள் மாமியார் சொல்வது பாதி சரி. தம்பி வந்ததும் மூத்த பிள்ளை முரண்டு பிடிப்பதும், நின்றுபோயிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்புவதும் வீட்டுக்கு வீடு உண்டு. பெரும்பாலும் கொஞ்ச நாளில் அடங்கிவிடும்.

என்னை யோசிக்க வைத்தது அவள் கோபம் அல்ல, அந்தக் கட்டைகள். மனச்சோர்வு என்றால் அழுகை, வாடிய முகம் என்றே நினைக்கிறோம். சின்னப் பிள்ளைகளிடம் அது பல சமயம் சிடுசிடுப்பாகத்தான் வெளியே தெரியும். அதனால் திட்டுதான் கிடைக்கிறது, கவனிப்பு கிடைப்பதில்லை. (சத்தமே போடாமல் மூலையில் ஒதுங்கும் பிள்ளைக்கு 'சமத்து' என்று பட்டம் வேறு!) பிடிவாதக்காரப் பிள்ளை அழுது முடித்ததும் விளையாடப் போய்விடும். விளையாட்டே வேண்டாம் என்று இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் நான் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

வயிற்று வலி நடிப்பு அல்ல. மனக் கலக்கத்தில் வயிறு நிஜமாகவே வலிக்கும். விடுமுறை நாளில் வலிக்கிறதா என்று பாருங்கள். அன்று வலி இல்லையென்றால் வகுப்பு ஆசிரியையிடம் பேசுங்கள்; காரணம் தம்பியாக இல்லாமல் பள்ளியிலேயே இருக்கலாம்.

'ஏன் இப்படி இருக்கே?' என்று அவளைக் கேட்காதீர்கள், அவளுக்கே தெரியாது. தினமும் கொஞ்ச நேரம் தம்பியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு அவளோடு மட்டும் உட்காருங்கள். 'இந்தப் பொம்மைக்கு இன்னிக்கு யார் மேல கோபம்?' என்று கேட்டால் சில சமயம் பதில் வரும்.

ஒரு மாதம் தாண்டிவிட்டதால் குழந்தைகள் மனநல நிபுணரிடம் ஒருமுறை காட்டுங்கள். தூக்கம், காது கேட்பது, ரத்தசோகை பற்றியும் விசாரிப்பார்கள். மாத்திரை கொடுத்துவிடுவார்களோ என்று தயங்க வேண்டாம். இந்த வயதில் முதலில் விளையாட்டு வழியாகவும் பெற்றோரோடு பேசியும்தான் சரிசெய்யப் பார்ப்பார்கள். தன்னைத்தானே அடித்துக்கொண்டாலோ, 'செத்துப் போறேன்' என்று சொன்னாலோ மட்டும் நாள் கடத்தாதீர்கள், உடனே போங்கள்.

அப்புறம், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே. பிரசவத்துக்குப் பின் தாய்க்கும் மனச்சோர்வு வரும், அது மூத்த பிள்ளையையும் பாதிக்கும். உங்கள் தூக்கம், அழுகை எதையும் மறைக்காமல் அந்த நிபுணரிடமே சொல்லுங்கள்.