பிறந்த குழந்தைக்கு வரும் மஞ்சள் காமாலையும் பெரியவர்களுக்கு வருவதும் ஒன்றுதானா? எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

அக்கா குழந்தைக்குப் பிறந்த மூன்றாம் நாள் மஞ்சள் தெரிந்தது, போன வருடம் மாமாவுக்கும் வந்தது, வீட்டில் இரண்டுக்குமே கீழாநெல்லி என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. ஒரு சிறிய ஊரில் பத்தொன்பது வருடமாக லேப் டெக்னீசியன். காமாலை ரத்தத்தைத் தினமும் கையில் பிடித்துப் பார்க்கிறவன் என்ற அளவில் சொல்கிறேன்.

இருவரையும் மஞ்சளாக்குகிற சாயம் ஒன்றேதான். பெயர் பிலிரூபின். ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அது உடையும்போது இந்தச் சாயம் வருகிறது. முதலில் இது தண்ணீரில் கரையாது. கல்லீரல்தான் இதைக் கரையும்படி மாற்றி, பித்தநீரோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்புகிறது. மலத்துக்குப் பழுப்பு நிறம் கிடைப்பதே அப்படித்தான். கல்லீரல் மாற்றுவதற்கு முன் இருப்பதை ரிப்போர்ட்டில் 'இன்டைரக்ட்' என்றும் மாற்றிய பிறகு உள்ளதை 'டைரக்ட்' என்றும் போடுவோம். பெரியவர்களுக்கு மொத்த அளவு 1.2 வரை (ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு மில்லிகிராம் கணக்கு, கீழே வரும் பிலிரூபின் எண்களும் இதே கணக்குதான்) இருந்தால் சரி. ஏறக்குறைய 3-ஐத் தொடும்போதுதான் கண்வெள்ளையில் மஞ்சள் தெரிய ஆரம்பிக்கும், அதுவும் பகல் வெளிச்சத்தில். டியூப் லைட்டில் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லாதீர்கள். கேரட், பப்பாளி நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு உள்ளங்கை மஞ்சளாகும், ஆனால் கண் வெள்ளையாகவே இருக்கும். அது காமாலை இல்லை.

எங்கள் பாட்டி காமாலை பார்க்கும் விதம் வேறு. கொட்டாங்குச்சியில் சிறுநீரைப் பிடித்து நாலு பருக்கை சோறு போட்டு வைப்பார். சோறு மஞ்சளானால் காமாலை. டிப்ளமோ படிக்கும்போது இதை நினைத்துச் சிரித்திருக்கிறேன். அப்புறம்தான் புரிந்தது, பாட்டி பாதி சரி. கரையக்கூடிய டைரக்ட் பிலிரூபின்தான் சிறுநீரில் இறங்கும், சோற்றிலும் ஏறும். இன்டைரக்ட் சிறுநீருக்கு வராது. அதனால் சிவப்பணு அளவுக்கு மீறி உடைந்து வரும் காமாலையில் உடம்பே மஞ்சளாக இருந்தாலும் சோறு வெள்ளையாகவே கிடக்கும். எங்களுக்கும் கல்லூரியில் இதே மாதிரி ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். சிறுநீரின் மேல் கந்தகத் தூளைத் தூவ வேண்டும். சாதாரணமாக மிதக்கும், பித்த உப்பு இருந்தால் மூழ்கிவிடும். பாட்டியின் கொட்டாங்குச்சிக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

இப்போது குழந்தை. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கும் மேல் முதல் வாரத்தில் கொஞ்சம் மஞ்சளாகத்தான் செய்யும், குறைமாதக் குழந்தைகளில் இன்னும் அதிகம். வயிற்றில் இருந்தபோது தேவைப்பட்ட ஏராளமான சிவப்பணுக்கள் வெளியே வந்ததும் வேகமாக உடைகின்றன. அவற்றின் ஆயுளும் குறைவு. கல்லீரலோ இன்னும் வேலை பழகவில்லை. பால் போதாமல் மலம் சரியாகப் போகாவிட்டால் குடலுக்கு வந்த சாயமும் மறுபடி ரத்தத்துக்கே திரும்பும். இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கி, ஐந்தாம் நாள்வாக்கில் உச்சம் தொட்டு, இரண்டு வாரத்துக்குள் வடிந்துவிடுவது பெரும்பாலும் இந்த வகை. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை பால் கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

என் மகளுக்கும் மூன்றாம் நாள் வந்தது. மனைவி ஓ பாசிடிவ், குழந்தை பி பாசிடிவ். தாயின் எதிர்ப்புப் பொருள் குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்கிற சேர்க்கை இது. குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தை நானே மெஷினில் ஓட்டினேன், பிலிரூபின் 16.8. பெரியவர்களுக்கு எழுதும் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. குழந்தைக்கு எத்தனை மணி நேர வயது, எத்தனை வாரத்தில் பிறந்தது என்று பட்டியலில் வைத்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும் என்று குழந்தைகள் மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். நீல விளக்கின் கீழ் இரண்டு நாள், 11-க்கு இறங்கியது. பிலிரூபின் அளவுக்கு மேல் போனால் மூளையில் படிந்து காது கேளாமை, கைகால் முடக்கம் வரை கொண்டுபோய் விடும். விளக்கு அதைத் தடுக்கத்தான்.

அந்த விளக்கு வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1956-ல் இங்கிலாந்தில் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில், செவிலியர் ஜீன் வார்டு குறைமாதக் குழந்தைகளை வெயில் காட்ட வெளியே கொண்டுபோவார். ஒரு குழந்தையின் உடம்பில் துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. ஜன்னலோரம் வெயிலில் கிடந்த, சோதனைக்கு எடுத்த ரத்தம் இருந்த கண்ணாடிக் குழாயிலும் பிலிரூபின் குறைந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மருத்துவர் கிரெமரும் மற்றவர்களும் 1958-ல் கட்டுரை எழுதினார்கள். இன்றும் பிலிரூபின் பார்க்க ரத்தம் எடுக்கும் டியூபை நாங்கள் கறுப்புத் தாளில் சுற்றி வைப்பது அதனால்தான். வெளிச்சம் பட்டால் எண் பொய் சொல்லும். அதற்காக, மாமியார் சொன்னார் என்று காலை வெயிலை மட்டும் நம்பி உட்காராதீர்கள். எவ்வளவு ஒளி பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது இயல்பானது என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். ரத்த வகை ஒவ்வாமை, ஜி6பிடி (சிவப்பணுவைப் பாதுகாக்கும் நொதி) குறைபாடு, கிருமித் தொற்று என்று தேடியே ஆக வேண்டும். ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தையின் துணி இருக்கும் அலமாரியில் அந்துருண்டை வைத்தால் அதுவே சிவப்பணுவை உடைக்கப் போதும். அடுத்து, இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தால் டைரக்ட் அளவு கட்டாயம் பார்க்க வேண்டும். தாய்ப்பாலால் நீடிக்கும் காமாலையில் மலம் மஞ்சளாகவே போகும், பயமில்லை. மலம் வெளுத்து, சிறுநீர் துணியில் கறை விட்டால் பித்தநாளமே அடைபட்டிருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சையை முடிந்தவரை 60 நாளுக்குள் செய்தால்தான் நல்ல பலன்.

பெரியவர்களில் கல்லீரலே வீங்குவது அதிகம். கழிவு கலந்த தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ, இ, ரத்தம் வழி வரும் பி, சி, மது, எலிக்காய்ச்சல், காசநோய் மாத்திரைகள். கர்ப்பிணிக்கு ஹெபடைட்டிஸ் இ வந்தால் உயிருக்கே ஆபத்து. இந்த வகைகளில் சிலவற்றில், முக்கியமாகத் தண்ணீரால் வருவதில், எஸ்ஜிபிடி (கல்லீரல் செல் அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் நொதி) ஆயிரத்தைத் தாண்டி நிற்பதுண்டு. அடைப்பால் வருவதில் அது அவ்வளவு ஏறாது, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற இன்னொரு நொதிதான் எகிறும்.

என் பெரியப்பாவுக்கு வந்தது அடைப்பால்தான். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, ராத்திரியெல்லாம் அரிப்பு. கீழாநெல்லியை மோரில் கலக்கி இருபது நாள் குடித்தார், பத்தியமும் இருந்தார். என்னிடம் வந்தபோது ரத்தத்தை மெஷினில் சுற்றிவிட்டு மேலே தெளிந்து நின்ற நீரை, அதாவது சீரத்தைப் பார்த்தேன், எண்ணெய்க் கடை நல்லெண்ணெய் நிறம். மொத்தம் 14, டைரக்ட் மட்டும் 11. "பெரியப்பா, வெளிக்குப் போனா என்ன நிறம்?" என்று கேட்டேன். "சுண்ணாம்பு மாதிரிப்பா, இதைப் போயி யார்ட்ட சொல்றது" என்றார். ஸ்கேனில் பித்தநாளத்தில் கல். எண்டோஸ்கோப்பி வழியாக எடுத்தார்கள், பிழைத்தார். வலியே இல்லாமல் இப்படி வந்து கணையப் புற்றுநோயாக முடிந்தவர்களின் ரிப்போர்ட்டிலும் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கீழாநெல்லியை நான் கேலி செய்யவில்லை. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு அதை ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களிடம் சோதித்து, லான்செட் இதழில் நல்ல முடிவு சொன்னது. பிறகு நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. தவிர, அது கிருமிக்கான ஆய்வு. கல்லை அது என்ன செய்யும்? ஹெபடைட்டிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும், பெயர் அந்தச் சமயத்தில் குடித்த கஷாயத்துக்குப் போய்விடுகிறது.

உங்கள் அக்காவிடம் குழந்தையின் மலம் என்ன நிறம் என்று இன்றைக்கே கேளுங்கள். குழந்தை பால் குடிக்காமல் தூங்கித் தூங்கி விழுந்தால் லேப்புக்கு வர வேண்டாம், நேரே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். மாமாவின் பழைய ரிப்போர்ட் இருந்தால் டைரக்ட் வரியில் என்ன போட்டிருக்கிறது என்று கமென்டில் போடுங்கள், எந்தப் பக்கத்துப் பிரச்சினையாக இருந்திருக்கும் என்று சொல்கிறேன்.