எம்பிஏ ஆய்வுத் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

'ஊழியர் திருப்தி' என்று தலைப்பு எடுத்துவிட்டேன், அடுத்து கேள்வித்தாள் தயாரிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், இன்னும் ஆய்வுக் கேள்வியே வரவில்லை. 'வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்கள் கூடினால், விற்பனைப் பிரிவினரிடம் வேலையை விடும் எண்ணம் குறைகிறதா?' என்று கேட்டால், எதை அளப்பது, யாரிடம் அளப்பது இரண்டும் தெரிந்துவிடும்.

அப்புறம் கேள்வி, தேவையான தரவு, அது கிடைக்கும் இடம், பகுப்பாய்வு முறை நான்கையும் ஒரே வரிசையில் எழுதுங்கள். எந்தக் கட்டம் காலியோ, திட்டம் அங்கேதான் உடையும். பெரும்பாலும் தரவில்தான் சிக்கல். அதனால் தரவு தர வேண்டிய நிறுவனத்தின் அனுமதியை இப்போதே கேட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு முறை எடுக்கும் சர்வே, இரண்டு விஷயங்களுக்கு இடையே உள்ள தொடர்பைக் காட்டும். இதனால்தான் அது நடந்தது என்று நிரூபிக்காது. ஆய்வேடுகளில் நான் அதிகம் பார்க்கும் ஓட்டை இதுதான்.

மாதிரி அளவு, அதாவது எத்தனை பேரிடம் கேட்பது என்பதற்கு, 384 என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது மிகப் பெரிய தொகுதியிலிருந்து சமவாய்ப்பு முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்து, 95% நம்பிக்கை அளவில், 5% பிழை வரம்போடு ஒரு விகிதத்தை மதிப்பிடுவதற்கான எண். தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பிச் சேர்த்த 384 பேருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.